ஓரத்தில் ஒரு வட்டம்

அத்தியாயம் 6

எல்லா நாய்களுக்கும் நாலு கால் உண்டு. இந்த மேஜைக்கும் நாலு கால் உண்டு. ஆகவே இந்த மேஜை இன்னும் கொஞ்ச நேரத்தில் குரைக்கும்.

கேள்வித்தாள் நிபுணர் பேசப் பேச என் மனசுக்குள் ஓடியது இதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் இருக்கும் ஊசி மேடத்தின் முழங்கை என் விலாவுக்கு வரும். அது ஐந்து வருஷ அனுபவம்.

மேடம் ஒல்லி, பேச்சு அளவு, குத்த வேண்டிய இடத்தில் மட்டும் குத்துவார். அதனால் துப்பறியும் வட்டாரத்தில் அவர் ஊசி. அவர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போவதால் நான் வாலு. சேட்டைக்காக வந்த பெயர் என்றும் சிலர் சொல்வார்கள். வயது நாற்பதை நெருங்குகிறது, இனிமேல் மாற்ற முடியாது.

"மூணு கேள்விக்குத் தெரிஞ்சேதான் தப்பு விடை வெச்சேன்," என்றார் நிபுணர். "ஏழு, பதிமூணு, பத்தொன்பது. பொறி மேடம், பொறி! கீயைத் திருடினவன் மட்டும்தான் அந்த மூணையும் அப்படியே தப்பா எழுதுவான். எழுதிட்டாங்க. பதினோரு பேர்."

விஷயம் இவ்வளவுதான். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் வாரியம் ஒரு தேர்வு நடத்தியது. அதில் இருபத்தைந்து தர்க்கக் கேள்விகள். எல்லாம் இவை, சில அவை, ஆகவே என்ன என்று மண்டையைக் குடையும் ரகம். கேள்வியும் கீயும், அதாவது சரியான விடைகளின் பட்டியலும், இந்த நிபுணர் தன் குழுவோடு தயாரித்தவை. பதினோரு பேர் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கினார்கள். பட்டாசு வெடிக்காத குறை. பிறகு தோற்றுப்போன ஒரு பெண், கீயில் மூன்று விடைகள் தப்பு என்று எழுதிப் போட்டாள். அப்போதுதான் நிபுணர் பொறிக் கதையை வெளியே எடுத்தார்.

இந்தத் தேர்வை நானும் நாலு முறை எழுதியிருக்கிறேன். 'சில குடைகள் பைகள்' என்று படித்ததும், குடை எப்படிப் பையாகும் என்று யோசிக்க ஆரம்பித்து, மணி அடிக்கும்வரை யோசித்தவன். அதனால் இருபத்தைந்து வாங்கியவர்கள் மேல் எனக்குப் பிறவிச் சந்தேகம் உண்டு. கேள்வி போட்டவர் மேல் அதைவிட அதிகம்.

"அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தனோட அக்கா, கீயை அச்சடிச்ச நம்ம வாரியப் பிரஸ்ல புரூஃப் பார்க்கிற பொண்ணு," என்று நிபுணர் விரலைச் சொடுக்கினார். "இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? நாலு மணிக்குக் கமிட்டி. பொண்ணுக்கு வேலை போகும், தம்பிக்கு வந்த வேலை வராது, ரெண்டு பேரையும் போலீஸ் கூட்டிட்டுப் போகும்."

"உங்க பக்கத்துலேர்ந்து வெளியே போயிருக்க வாய்ப்பே இல்லையா சார்?" மேடம் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு உடனே பயம் வந்தது. அவர் குரல் மெத்தென்று ஆனால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

நிபுணர் சிரித்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, சொல்வதை எழுதியபடியே வட்டம் போட ஆரம்பித்தார். "குழந்தைக்குக்கூடப் புரியும். சில திருடங்க பிரஸ்காரங்க." இரண்டு வட்டங்கள், ஒன்றை ஒன்று பாதி கவ்வியபடி. "எந்தப் பிரஸ்காரரும் எங்க குழுவுல இல்ல." மூன்றாவது வட்டத்தைத் தாளின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். அதில் பாதி தாளிலும் பாதி மேஜை விரிப்பிலுமாக விழுந்தது. "ஆகவே எந்தத் திருடனும் எங்க குழுவுல இல்ல. முடிஞ்சுது!"

"அருமை," என்றார் மேடம். "இந்தத் தாளை நான் வெச்சுக்கட்டுமா? எனக்கு ஞாபக மறதி."

மேடத்துக்கு ஞாபக மறதி என்றால் யானைக்கும் ஞாபக மறதி. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்புறம், அந்தப் பதினோரு பேரும் பரீட்சைல கிறுக்கிப் பார்த்த பக்கங்கள்?"

நிபுணர் ஒரே ஒரு நகலை நீட்டினார். புரூஃப் பெண்ணின் தம்பியுடையது.

"மத்த பத்து?"

"எதுக்கு மேடம்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "மேடம், ஆள் ரொம்பப் புத்திசாலி இல்ல?"

"புத்திசாலிதான். எனக்குப் பதில் சொல்றப்போ வாட்சை மூணு தடவை பார்த்தான். புத்திசாலிக்கு என்ன அவசரம்?"

* * *

புரூஃப் பெண்ணின் வீடு, மூன்றாவது மாடி. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"போலீஸா?"

"எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லம்மா," என்றேன். "துப்பறியறவங்க. வாரியம் அனுப்பிச்சுது."

சங்கிலி விலகியது. முப்பது வயதிருக்கும். ஆள்காட்டி விரலில் சிவப்பு மை ஊறிப்போயிருந்தது. வேலையிலிருந்து நிறுத்திவைத்துப் பத்து நாள் ஆகியும் அந்த மை போகவில்லை.

"உட்காருங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எட்டு வருஷமா புரூஃப் பார்க்கறேன். எத்தனையோ கேள்வித்தாள் என் கையில போயிருக்கு. ஒரு கமா வெளியே போனதில்ல." உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டார். "டேய், வெளியே வா."

தம்பி வந்தான். மூன்று நாள் தாடி. வந்த வேகத்தில் கையிலிருந்த போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தான். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் போனைப் பார்த்தார். நிரபராதி எதற்குப் போனைக் கவிழ்க்க வேண்டும்? எனக்குப் பையன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது.

மேடம் பையிலிருந்து அவனுடைய கிறுக்கல் பக்கத்தை எடுத்தார். பதிமூன்றாம் கேள்வி. சில குடைகள் பைகள். எந்தப் பையும் செருப்பு இல்லை. ஆகவே எந்தக் குடையும் செருப்பு இல்லை: சரியா, தவறா? அவன் 'சரி' என்று எழுதியிருந்தான். கீயும் 'சரி' என்றது. கிறுக்கல் பக்கத்தில் குடையும் பையும் ஒன்றை ஒன்று கவ்வி நின்றன. செருப்பு மட்டும் பக்கத்தின் கீழ் ஓரத்தில், பாதி வட்டமாக, விழுந்துவிடுவது போல இருந்தது.

"கீ கையில இருக்கிறவன் எதுக்கு வட்டம் போடறான்?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"நடிப்புக்கு?"

"இருக்கலாம்." அவர் ஒரு துண்டுத் தாளில் புதிதாக ஒன்றை எழுதித் தம்பியிடம் நீட்டினார். "சில எழுத்தர்கள் ஓட்டுநர்கள். எந்த ஓட்டுநருக்கும் நீச்சல் தெரியாது. அப்போ எந்த எழுத்தருக்கும் நீச்சல் தெரியாது. சரியா தப்பா?"

பையன் பேனாவை எடுத்தான். இரண்டு வட்டங்கள் கவ்வின. மூன்றாவதுக்குக் கை தானாகவே தாளின் ஓரத்துக்கு ஓடியது. "சரி," என்றான்.

"தப்பு," என்றார் மேடம்.

"எப்படி மேடம்?"

இந்த இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, என் சொந்தக்காரங்கள்ல சில பேர் டாக்டருங்க. எந்த டாக்டரும் என் வீட்டுல வந்து தங்கினதில்ல. அதனால சொந்தக்காரங்க யாருமே தங்கினதில்லன்னு சொல்லிட முடியுமா? போன வாரம் வந்த மாமா இன்னும் என் கட்டில்லதான் படுத்திருக்காரு. நான் தரைல படுக்கறேன்."

பையன் தாளைப் பார்த்தான். மெதுவாக ஓரத்து வட்டத்தை மனசுக்குள் இழுத்துவந்து, ஓட்டுநர் வட்டத்தைத் தொடாமல், எழுத்தர் வட்டத்தின் மறுபக்கத்தில் பொருத்திப் பார்த்திருப்பான் போல. முகம் வெளுத்தது.

"அப்போ... பரீட்சைல அந்த மூணும் நிஜமாவே தப்பா?"

"டேய்!" அக்கா வெடித்தார். "திருட்டுப் பட்டம் கட்டி உட்கார வெச்சிருக்காங்க. உனக்கு மார்க்குதான் கவலையா?"

"தெரியாதுக்கா! இவ்ளோ நாளா எல்லா மாடல் டெஸ்ட்லயும் சரியாத்தானே வந்துச்சு!"

"'எல்லாம்'னு ஆரம்பிக்கிற கணக்குல சரியா வரும்," என்றார் மேடம். "'சில'ன்னு ஆரம்பிச்சா காலை வாரிடும். இந்த ஓரத்து வழியை உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

பையன் அக்காவைப் பார்த்தான். பிறகு கவிழ்த்த போனைப் பார்த்தான்.

"வட்டம் சார்," என்றான். "யாருன்னு தெரியாது மேடம். பணம் கட்டிச் சேர்ந்தா வாரம் ஒரு பக்கம் போனுக்கு வரும். எழுத்தெல்லாம் டைப் அடிச்சது. வட்டம் மட்டும் கையால போட்டது. முகம், குரல் எதுவும் கிடையாது. வெளியே சொன்னா குரூப்பை விட்டு எடுத்துடுவாரு. ரிசல்ட் வந்த மறுநாளே குரூப்பைக் கலைச்சுட்டாரு. பக்கங்களையெல்லாம் அழிக்கச் சொல்லி ஒரு மெசேஜ். நான் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன்."

போனைத் திருப்பிக் காட்டினான். பக்கத்தின் தலைப்பில் இரண்டே வார்த்தைகள் இருந்தன. ஒட்டாதவன் ஓரம். கீழே மூன்று வட்டங்கள். 'எந்தவொன்றும் இல்லை' என்று வருகிற வட்டத்தைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளிவிடு, எதையும் தொட விடாதே, விடை தானாக வரும் என்று விளக்கம்.

"இதை ஏன்டா எங்கிட்டகூடச் சொல்லல?" என்றார் அக்கா.

"விசாரிச்சவங்க எல்லாம் 'கீயை யார் குடுத்தா, யார் குடுத்தா'ன்னுதான் கேட்டாங்க. எங்கே படிச்சேன்னு யாருமே கேக்கலக்கா."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நானும் அதைக் கேட்டிருக்க மாட்டேன்.

* * *

வாரியத்தின் ரெக்கார்டு அறை, மணி மூன்று. காவலுக்கு இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பத்துப் பக்கமா? குடுக்க முடியாது. கட்டி சீல் வைக்கச் சொல்லி உத்தரவு."

"யார் உத்தரவு?"

"நிபுணர் சார். பதினோரு மணிக்குப் போன் பண்ணாரு."

பதினோரு மணி. நாங்கள் அவர் அறையை விட்டுப் படி இறங்கிக்கொண்டிருந்த நேரம். மேடம் வாரியச் செயலாளருக்குப் போன் போட்டார். எங்களை அமர்த்தியதே அந்த அம்மாள்தான். இரண்டு நிமிஷத்தில் எழுத்தரின் மேஜைப் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று 'சரிங்கம்மா' என்று மூன்று முறை சொன்னார். சீல் உடைந்தது.

பத்துப் பக்கங்களையும் நீள மேஜையில் பரப்பினோம். பத்தும் பத்துக் கை, பத்து ஊர். ஒருத்தன் வட்டம் முட்டை மாதிரி, இன்னொருத்தி காம்பஸ் வைத்தது போல. ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்றாவது வட்டம், திட்டு வாங்கின பிள்ளை மாதிரி, தாளின் ஓரத்தில் போய் நின்றது.

"ஒருத்தர் பண்ணா அது பழக்கம்," என்றார் மேடம். "பதினோரு பேர் பண்ணா அது பாடம். பாடம் இருந்தா வாத்தியார் இருக்கணும்."

நான் என் பங்குக்குச் சட்டைப் பையிலிருந்து, காலையில் மேடம் நிபுணரிடம் வாங்கி என்னிடம் கொடுத்த தாளை எடுத்துப் பதினோராவதாக வைத்தேன். பன்னிரண்டாவதாகத் தம்பியின் பக்கத்தை வைத்தேன்.

"மேடம், ஆளைப் பிடிச்சுட்டோம்!"

"இல்ல. நீ மறுபடியும் மேஜையைக் குரைக்க வைக்கிற."

மனசுக்குள் நினைத்ததுகூட இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிகிறதோ.

* * *

நாலு மணி. கமிட்டி மேஜையின் தலைப்பக்கம் செயலாளர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். மேஜையின் கடைசியில் அக்காவும் தம்பியும், இரண்டு பேருக்கும் நடுவே ஒரு காலி நாற்காலி. பணிநீக்க உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மேடம் பன்னிரண்டு தாள்களையும் வரிசையாக வைத்தார். வட்டம் சார் கதையை ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். உறுப்பினர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிபுணர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தார்.

"வட்டம் சாரோட பிள்ளைங்க எல்லாரும் ஓரத்துல போடறாங்க. நானும் ஓரத்துல போடறேன். ஆகவே நான்தான் வட்டம் சார். அதானே? எல்லா நாய்க்கும் நாலு கால், இந்த மேஜைக்கும் நாலு கால். மேடம், இது முதல் பாடத்துலயே வர்ற தப்பு."

என் நாய், என் மேஜை! இந்த ஆளிடம் போய் மாட்டிக்கொண்டதே. அக்காவின் தலை குனிந்தது. செயலாளரின் பேனா உத்தரவின் பக்கம் நகர்ந்தது.

"ரொம்பச் சரி," என்றார் மேடம். "அதனாலதான் அதை நான் சொல்லவே இல்ல. நான் கேக்க வந்தது வேற. பதிமூணாம் கேள்விக்கு நீங்க தெரிஞ்சேதான் தப்பு விடை வெச்சீங்க?"

"ஆமா. பொறி."

"அந்த முடிவு தப்புன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்?"

"தெரியாமலா? சில குடை பை. எந்தப் பையும் செருப்பு இல்ல. பையா இல்லாத குடை செருப்பா இருக்கலாம். அதனால 'எந்தக் குடையும் செருப்பு இல்ல'ன்னு சொல்ல முடியாது. இதுகூடத் தெரியாதவனா நான்?"

மேடம் காலையில் வாங்கிய தாளை அவர்முன் தள்ளினார்.

"அப்போ இதைப் படிங்க. உங்க கையெழுத்து. சில திருடங்க பிரஸ்காரங்க. எந்தப் பிரஸ்காரரும் எங்க குழுவுல இல்ல. ஆகவே எந்தத் திருடனும் எங்க குழுவுல இல்ல. குடை, பை, செருப்பு. அதே கணக்கு சார். தெரிஞ்சே வெச்ச பொறின்னா, காலைல நீங்களே அதுல எப்படிக் கால் வெச்சீங்க?"

நிபுணர் தாளைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள் வட்டத்தை ஓரத்திலிருந்து இழுத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. மத்தியானம் அந்தப் பையன் முகத்திலும் இதே வெளுப்பைப் பார்த்திருந்தேன்.

"பொறி இல்ல. உங்க நிஜமான தப்பு," என்றார் மேடம். "அந்தப் பொண்ணு எழுதிப் போட்ட பிறகுதான் உங்களுக்கே தெரிஞ்சுது. குடை செருப்பை மனப்பாடமா திருத்திக்கிட்டீங்க. கை இன்னும் திருந்தல."

"பொறி வெச்சிருந்தா தேர்வுக்கு முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் செயலாளர் மெல்ல. "எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

"இன்னொண்ணு," என்றார் மேடம். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொன்னீங்க. அப்புறம் மத்த சோத்தையெல்லாம் ஏன் சார் மூடி சீல் வெச்சீங்க?"

செயலாளர் கையை நீட்டினார். போனுக்காக நீண்ட கை அது. நிபுணர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். கேள்வி தயாரிப்பவர் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் சொல்லித் தரக் கூடாது. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். கை அப்படியே நீண்டிருந்தது. கடைசியில் போன் மேஜைக்கு வந்தது. வட்டம் சாரின் பக்கங்கள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. மாணவர்களை அழிக்கச் சொன்னவருக்குத் தன்னுடையதை அழிக்க மனசு வரவில்லை.

"நான் யாருக்கும் கீ குடுக்கல!" அவர் குரல் கிறீச்சிட்டது. "சத்தியமா ஒரு கேள்விகூட வெளியே விடல!"

"தெரியும்," என்றார் மேடம். "நீங்க குடுத்தது விடையை இல்ல, தப்பை. பதினோரு பேர் பட்டியலைப் பார்த்த உடனே உங்க பிள்ளைங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுல ஒருத்தனுக்குப் பிரஸ்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களைத் தூக்கி முன்னாடி போட்டீங்க. அது மட்டும்தான் நீங்க தெரிஞ்சே பண்ணது."

எனக்கு அந்த ஆளை ஒரு அறை விடலாம் போலிருந்தது. மேடத்தின் முழங்கை விலாவுக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அரை மணியில் கமிட்டி முடிவு சொன்னது. மூன்று கேள்விகளும் ரத்து. மீதி இருபத்திரண்டுக்குத் தம்பி இருபத்திரண்டு. வேலை உண்டு. நிபுணரை விசாரிக்கத் தனிக் குழு. அக்காவுக்குப் புது உத்தரவு டைப் ஆகி வந்தது. செயலாளர் அதை அவரே எழுந்துவந்து கொடுத்தார்.

அக்கா நன்றி சொல்வார், அழுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் உத்தரவைப் படித்தார். விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதடு அசையாமல், தொழில்காரியாகப் படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

'போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று இருந்தது. அதில் முதல் மூன்று வார்த்தைகளை ஒரே கோட்டில் அடித்தார். ஓரத்தில் எழுதினார்: 'குற்றம் செய்யாத'.

"ஆதாரம் இல்லாதவங்க எல்லாரும் குற்றம் செய்யாதவங்க இல்ல மேடம்," என்றார் செயலாளரிடம். "ரெண்டும் வேற வேற வட்டம். என்னை எந்த வட்டத்துல வெக்கறீங்கன்னு பார்த்து வெச்சுக் குடுங்க."

செயலாளர் சிவப்பு மையில் எழுதியதைப் படித்தார். பிறகு தாளை டைப்பிஸ்டிடம் நீட்டினார். "அவங்க திருத்தினபடியே அடிச்சுட்டு வாங்க."

நாலு முறை தோற்ற எனக்கே அந்தக் கணக்கு புரிந்தது. மேடம் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, ஏனோ போகாமல் நின்றார். நானும் நின்றேன். புதுத் தாள் வந்தது. தம்பி நடுவிலிருந்த காலி நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். அக்கா பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.